மஞ்சள் கடுதாசியும் திவால் ஆணையும்: மலேசியச் சட்டத்தில் கடனாளிக்குரிய காப்பு

முன்னுரை

கடனைத் திருப்பிச் செலுத்த இயலாமல் நீதிமன்றத்தை நாடியவரைப் பற்றித் தமிழில் இருவகையாகப் பேசுகிறோம். 'மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்', 'ஐ.பி. கொடுத்துவிட்டார்' என்பது பழைய வழக்கு. 'திவாலாக்கப்பட்டார்', 'திவாலாகிவிட்டார்' என்பது இன்று மலேசியத் தமிழ் நாளிதழ்களிலும் கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் கடைவீதிப் பேச்சிலும் மிகுதியாக வழங்குவது. முதல் வழக்கில் கடனாளியே எழுவாய். அவர் ஒன்றைச் செய்கிறார், மனுக் கொடுக்கிறார். இரண்டாவதில் அவருக்கு ஏதோ ஒன்று நேர்கிறது. பிறர் அவரை அந்நிலைக்கு ஆளாக்குகின்றனர்.

இவ்வினைச்சொற்களின் வேறுபாடு சட்டத்தில் உள்ள இருவழிகளைச் சுட்டுகிறது. கடனாளி தாமே மனுச் செய்வது ஒன்று. கடனீந்தோர் அவருக்கு எதிராக மனுச் செய்வது மற்றொன்று. எவ்வழியில் திவால் ஆணை பிறந்தாலும் அவ்வாணை கடனீந்தோரின் தனித்தனி வசூல் நடவடிக்கைகளைத் தடுத்து நிறுத்துகிறது. திவால் என்பது தண்டனை என்றே அறிந்துள்ள நம் சமூகத்தில், அதற்குள் ஒரு காப்பும் உண்டு என்னும் செய்தி போதிய அளவில் பரவவில்லை. அக்காப்பு எவ்வாறு இயங்குகிறது, எதைக் காக்கிறது, எதைக் காக்கவில்லை, அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியுள்ளது என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

சொல்லும் வரலாறும்

'ஐ.பி.' என்பது நொடிப்பு மனுவைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள். சென்னை உள்ளிட்ட மாகாணத் தலைநகர்களுக்கு 1848ஆம் ஆண்டிலேயே நொடிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் 1909ஆம் ஆண்டுச் சட்டம் அந்நகரங்களுக்கும், 1920ஆம் ஆண்டுச் சட்டம் பிற பகுதிகளுக்கும் உரியனவாயின. நீதிமன்றத்தில் மனுக் கொடுக்கும் செயலே பேச்சுவழக்கில் மரபுத்தொடராக நிலைத்தது. அத்தொடரில் ஏளனமும் ஐயமும் கலந்திருப்பதை நாம் அறிவோம். பணம் கொடுத்தவர், 'இனி அவனிடம் கேட்கவும் முடியாது' என்று மனம் நொந்து கூறும் தொனி அது. அவ்வகையில், மனுக் கொடுத்தவருக்குச் சட்டம் ஏதோ ஒரு காப்பைத் தருகிறது என்பதை அவ்வேளனமே உணர்த்துகிறது.

மலேசியாவின் 1967ஆம் ஆண்டுத் திவால் சட்டமும் இதே ஆங்கிலேயச் சட்ட மரபில் கிளைத்ததாகும். 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அதன் பெயர் 1967ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டம் என மாற்றப்பட்டது. அதுவரை இருபடிகளாக இருந்த நீதிமன்ற ஆணைகள் ஒரே திவால் ஆணையாக ஒன்றிணைக்கப்பட்டன.

கடனும் வட்டியும் இந்நாட்டுத் தமிழர் வாழ்வில் புதியவை அல்ல. கோலாலம்பூர் லெபோ அம்பாங் சாலையில் நகரத்தார் வட்டித்தொழில் நடத்தினர். கங்காணி முறையில் தோட்டத்திற்கு வந்த தொழிலாளர் பலர் வழிச்செலவுக்கான முன்பணத்தைக் கடனாகச் சுமந்தே தம் வாழ்வைத் தொடங்கினர். ஆகவே, கடன் கொடுத்தோர், கடன்பட்டோர் ஆகிய இருசாராரின் வரலாறும் நம்மிடம் உண்டு. ஆயினும், 'கடனில்லாக் கஞ்சி கால் வயிறு' என்னும் பழமொழியைக் கற்பிக்கும் அளவுக்கு, கடன் மீறிப்போன பின் செய்யத்தக்கது யாது என்பதை நாம் கற்பிப்பதில்லை.

ஆணைக்கு முந்திய நிலை

திவால் ஆணை இல்லாத நிலையில் கடன் வசூல் ஒரு முந்தும் போட்டியாகவே நடைபெறுகிறது. ஒவ்வொரு கடனீந்தோரும் தனித்தனியே வழக்குத் தொடரலாம். தீர்ப்புப் பெற்றவர் கடனாளியின் பொருள்களைப் பறிமுதல் செய்து விற்கவும், வங்கிக் கணக்கிலுள்ள பணத்தைத் தமக்குத் திருப்பவும் நீதிமன்ற ஆணை கோரலாம். 1957ஆம் ஆண்டுக் கடனாளிகள் சட்டத்தின்கீழ்க் கடனாளியை நீதிமன்றத்திற்கு வரவழைத்து அவர்தம் வருவாயை விசாரிக்கவும் இயலும். முந்திக்கொண்டவருக்குப் பணம் கிடைக்கிறது. பிந்தியவருக்கு ஒன்றும் எஞ்சுவதில்லை. கடனாளியோ ஒருவரின் வாயை அடைக்க மற்றொருவரிடம் கடன் வாங்குகிறார்.

கடனீந்தோர் திவால் மனுச் செய்வதற்குரிய குறைந்தபட்சக் கடன்தொகை காலந்தோறும் உயர்த்தப்பட்டு வந்துள்ளது. 2003ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 30,000 ரிங்கிட் ஆக்கியது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் 50,000 ரிங்கிட் ஆக்கியது. கோவிட்-19 பெருந்தொற்றுக் காலத்தில் 2020ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டங்களின் வாயிலாக 100,000 ரிங்கிட் என்னும் இன்றைய வரம்பு வந்தது. தனியொருவருக்குரிய கடன் இவ்வரம்பை எட்டாவிடினும், கடனீந்தோர் பலர் ஒன்றுசேர்ந்து மனுச் செய்ய இடமுண்டு.

பொதுவாக, கடனீந்தோர் முதலில் தீர்ப்புப் பெற்று, பின்னர்த் திவால் அறிவிப்பைச் சேர்ப்பிப்பர். அறிவிப்புக் கிடைத்த 7 நாள்களுக்குள் கடனாளி கடனைச் செலுத்தவோ, உடன்பாடு காணவோ, எதிர்த்து மனுச் செய்யவோ வேண்டும். இவ்விடத்தில்தான் நம்மவர் பலர் பெருந்தவறு இழைக்கின்றனர். உறையைப் பிரிக்காமலேயே அலமாரிக்குள் வைத்துவிடுகின்றனர். உறை பிரிக்கப்படாமையால் வழக்கு நின்றுவிடுவதில்லை; கடனாளியின் குரல் கேட்கப்படாமலேயே அது நடந்து முடிகிறது. தமக்கு எதிராக ஆணை பிறந்ததை வெளிநாட்டுப் பயணத்தின்போது குடிநுழைவு முகப்பில் முதன்முதலாக அறிந்தோரும் உண்டு.

ஆணை தரும் காப்பு

சட்டத்தின் 8ஆம் பிரிவே இக்காப்பின் மையம். திவால் ஆணை பிறப்பிக்கப்பட்டவுடன் இரண்டு மாற்றங்கள் ஒருங்கே நிகழ்கின்றன. கடனாளியின் சொத்துகள் திவால் துறைத் தலைமை இயக்குநரின் பொறுப்புக்குச் செல்கின்றன. அதே வேளையில், அத்திவாலில் மெய்ப்பிக்கத்தக்க கடன் எதற்காகவும், கடனீந்தோர் கடனாளியின் சொத்தின் மீதோ அவர்தம் உடலின் மீதோ நடவடிக்கை எடுக்க இயலாது. நீதிமன்ற அனுமதியின்றிப் புதிய வழக்குத் தொடரவும், நடந்துவரும் வழக்கை மேற்கொண்டு செல்லவும் இயலாது.

இவ்விரு மாற்றங்களும் ஒன்றையொன்று சார்ந்தவை. கடனீந்தோரின் கைகளைக் கட்டிவிட்டுச் சொத்தைக் கடனாளியிடமே விட்டுவைத்தால் அது நீதியாகாது. சொத்தை எடுத்துக்கொண்டு வசூல் நடவடிக்கைகளையும் தொடரவிட்டால் கடனாளி வாழ இயலாது. ஆகவே, முந்தும் போட்டி நிறுத்தப்பட்டு, அனைவரும் ஒரே வரிசையில் நிறுத்தப்படுகின்றனர். கடனீந்தோர் தத்தம் கடனை உரிய படிவத்தில் துறையிடம் மெய்ப்பிக்க வேண்டும். சட்டம் முன்னுரிமை அளித்துள்ள செலவுகளும் கடன்களும் தீர்ந்தபின், திரண்ட பணம் அவரவர் கடனின் விகிதத்திற்கேற்பப் பகிரப்படும்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை மனங்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் 1978ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தொகுப்பின்படி, மனுத் தாக்கல் செய்யப்பட்ட அக்கணமே வசூல் நடவடிக்கைகளுக்குத் தடை தானாகவே எழுகிறது. மலேசியாவில் 8ஆம் பிரிவின் காப்பு மனுவினால் அன்று, ஆணையினால் வருவது. கடனாளி தாமே மனுச் செய்ய 7ஆம் பிரிவு இடமளிக்கிறது. எனினும், அம்மனுவை நீதிமன்ற அனுமதியின்றித் திரும்பப் பெற இயலாது. 'கொடுத்த' மஞ்சள் கடுதாசியை மீட்பது எளிதன்று.

ஓர் எடுத்துக்காட்டு

சட்டத்தின் சொற்கள் வாழ்வில் எவ்வாறு செயற்படுகின்றன என்பதைக் கற்பனையான ஓர் எடுத்துக்காட்டின்வழிக் காண்போம். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் சிறிய துணிக்கடை நடத்தும் ஒருவரைக் கொள்வோம். ஒரு வங்கியில் அடைமானமின்றிப் பெற்ற வணிகக் கடன் 80,000 ரிங்கிட். மற்றொரு வங்கியின் கடன் அட்டை நிலுவை 25,000 ரிங்கிட். வணிகக் கடனுக்கு அவர்தம் மைத்துனர் உத்தரவாதம் அளித்துள்ளார். சரக்கு ஏற்றும் வேன் தவணைக் கொள்முதலில் உள்ளது. குடியிருக்கும் அடுக்குமாடி வீடு வங்கி அடைமானத்தில் உள்ளது. மனைவியின் நகைகள் அடகுக்கடையில் உள்ளன. இறுதியாக, உரிமமற்ற வட்டிக்காரர் ஒருவரிடம் 5,000 ரிங்கிட் பெற்றுள்ளார். இவருக்குத் திவால் ஆணை பிறந்தால் என்னாகும்?

வணிகக் கடனும் அட்டைக் கடனும் காப்பின் முழுமையான எல்லைக்குள் வருகின்றன. அவ்விரு வங்கிகளும் தனித்து வழக்காட இயலாது. கடனை மெய்ப்பித்து வரிசையில் நிற்க வேண்டும். வசூல் முகவர் அழைத்தால், ஆணை பிறந்துள்ளதைக் கூறித் திவால் துறையை நாடுமாறு அவர் சொல்லலாம்.

வீட்டு அடைமானம் இக்காப்புக்குப் புறம்பானது. அடைமானம் பெற்றுக் கடன் தந்தோர் தம் அடைமானத்தின்மீது நடவடிக்கை எடுக்கும் உரிமையை 8ஆம் பிரிவே விட்டுவைத்துள்ளது. தவணை நின்றால் வங்கி வீட்டை ஏலத்திற்குக் கொண்டுவரலாம். வேனைப் பொறுத்தவரை, தவணை முடியும்வரை நிதி நிறுவனமே அதன் உரிமையாளர். ஆகவே, அதனை மீட்டுக்கொள்ளும் உரிமை அதற்குண்டு. அடகுக்கடையும் நகையைக் கையில் வைத்திருக்கிறது. அதனை மீட்கப் பணம் கட்டியே ஆக வேண்டும்.

மைத்துனருக்கும் காப்பில்லை. திவாலானவர் பின்னாளில் விடுவிக்கப்பட்டாலும் அவருக்காக உத்தரவாதம் அளித்தவரின் பொறுப்பு அதனால் நீங்குவதில்லை. ஆயினும், உத்தரவாதம் அளித்தவரையே திவாலாக்க விரும்பும் கடனீந்தோர், முதன்மைக் கடனாளியிடம் வசூலிக்கும் வழிகள் அனைத்தையும் கையாண்டு முடித்ததை மெய்ப்பித்து நீதிமன்ற அனுமதி பெற வேண்டும் என 2017ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்தது. கல்விக் கடன், சொந்தக் குடியிருப்புக்கான வீட்டுக் கடன், வணிகம் சாராத வாகனத் தவணை ஆகியவற்றுக்கு ஆதாயம் கருதாமல் உத்தரவாதம் அளித்தவர் 'சமூக உத்தரவாதி' எனப்படுவார். அவருக்கு எதிராகத் திவால் நடவடிக்கையே எடுக்கவியலாது. மாணவர்தம் கல்விக் கடனுக்குக் கையொப்பமிடும் ஆசிரியர் இவ்வகையில் அடங்குவர். உடன் பணிபுரிபவரின் தனிநபர்க் கடனுக்குக் கையொப்பமிட்டவர் இவ்வகையில் அடங்கார்.

உரிமமற்ற வட்டிக்காரரின் நிலை வேறு. 1951ஆம் ஆண்டு வட்டித்தொழில் சட்டத்தின்படி, உரிமம் இல்லாதவர் செய்த கடன் ஒப்பந்தம் நீதிமன்றத்தில் செல்லாது. உரிமம் பெற்றவரும் அடைமானக் கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காட்டுக்கும், அடைமானமற்ற கடனுக்கு 18 விழுக்காட்டுக்கும் மேல் வட்டி பெறலாகாது. உரிமமற்றவர் நீதிமன்றத்தை நாடுவதில்லை. ஆகவே, நீதிமன்றத் தடையும் அவரை நிறுத்துவதில்லை. கதவில் சிவப்புச் சாயம் ஊற்றுபவருக்கு எதிராக நாட வேண்டிய இடம் காவல் நிலையமே. கடன் பெற்றவரைத் துன்புறுத்துவது அச்சட்டத்தின்கீழ்க் குற்றமாகும். வங்கியின் வழக்குக்கு அஞ்சி உரிமமற்றவரிடம் கடன் வாங்கி வங்கித் தவணை கட்டுவோர், சட்டம் காக்கக்கூடிய ஒரு கடனைச் சட்டம் காக்கவியலாத கடனாக மாற்றிக்கொள்கின்றனர். இத்துறையில் நம்மவர் உணர வேண்டிய முதன்மையான உண்மை இதுவே எனலாம்.

காக்கப்படும் உடைமைகள்

ஆணை பிறந்தபின் கடனாளியின் அனைத்தும் பறிபோவதில்லை. தொழிலுக்கு வேண்டிய கருவிகள், தமக்கும் குடும்பத்திற்கும் இன்றியமையாத உடைகள், படுக்கை ஆகியவை குறிப்பிட்ட மதிப்பளவுக்கு விலக்குப் பெறுகின்றன. பிறருக்காக அறக்கட்டளைப் பொறுப்பில் வைத்திருக்கும் சொத்தும் கடனீந்தோருக்கு உரியதாகாது. ஊழியர் சேமநிதியில் உள்ள தொகை, 1991ஆம் ஆண்டு ஊழியர் சேமநிதிச் சட்டத்தின் 51ஆம் பிரிவால் காக்கப்படுகிறது. ஆகவே, திவாலுக்கு அஞ்சிச் சேமநிதிப் பணத்தை அவசரமாக எடுத்துக் கடனில் கரைப்பது, காக்கப்பட்ட பணத்தைக் காப்பிலிருந்து வெளியேற்றும் செயலாகிவிடும்.

மறுபுறம், ஆணை வருமுன் வீட்டை மனைவி பெயருக்கு மாற்றுவதும், உறவினரின் கடனை மட்டும் முந்தித் தீர்ப்பதும் காப்பாகா. அத்தகைய மாற்றங்களையும் முன்னுரிமைச் செலுத்தல்களையும் செல்லாதனவாக்கச் சட்டம் வழிசெய்கிறது.

காப்பின் விலை

இக்காப்பு விலையின்றிக் கிடைப்பதன்று. திவாலானவர் தம் சொத்து, கடன், வருவாய் பற்றிய விவர அறிக்கையைத் துறையிடம் அளிக்க வேண்டும். குடும்பச் செலவைக் கருத்தில் கொண்டு துறை வரையறுக்கும் தொகையை மாதந்தோறும் செலுத்த வேண்டும். தலைமை இயக்குநர் அல்லது நீதிமன்றத்தின் அனுமதியின்றி நாட்டை விட்டு வெளியேற இயலாது. நிறுவன இயக்குநராக இருக்கவோ நிறுவன நிருவாகத்தில் பங்குகொள்ளவோ தடையுண்டு. தம் நிலையை வெளிப்படுத்தாமல் 1,000 ரிங்கிட் அல்லது அதற்கு மேல் கடன் பெறுவது குற்றமாகும். தம் உடலுக்கு ஏற்பட்ட ஊறுக்கான இழப்பீட்டு வழக்கைத் தவிர, பிற வழக்குகளைத் தொடரத் தலைமை இயக்குநரின் இசைவு தேவை. கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 48ஆம் பிரிவின்படி, விடுவிக்கப்படாத திவாலானவர் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருத்தல் இயலாது.

சுருங்கக் கூறின், கடனீந்தோரின் நெருக்கடியிலிருந்து விடுபடுபவர் தம் பொருளியல் வாழ்வின் ஆட்சியைத் துறையிடம் ஒப்படைக்கிறார். இவ்விரண்டையும் சீர்தூக்கியே எவரும் முடிவெடுத்தல் வேண்டும்.

ஆணையின்றிக் காப்புப் பெறும் வழிகள்

திவால் ஆணைக்கு ஆளாகாமலேயே காப்புப் பெறும் வழிகளும் உள. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் 'தன்விருப்ப ஏற்பாடு' என்னும் முறையைப் புகுத்தியது. திவால் ஆணை பிறப்பதற்கு முன், கடனாளி நீதிமன்றத்தில் இடைக்கால ஆணை கோரலாம். அவ்வாணை 90 நாள்களுக்கு நடப்பில் இருக்கும். அக்காலத்தில் அவருக்கு எதிராகத் திவால் மனுவோ பிற வழக்குகளோ தொடரப்படா. தகுதி பெற்ற கணக்காளர் அல்லது வழக்குரைஞர் போன்ற ஒருவரின் துணையோடு கடன் தீர்க்கும் திட்டத்தைக் கடனீந்தோர் கூட்டத்தில் முன்வைக்க வேண்டும். சட்டம் வகுத்த பெரும்பான்மையோடு அவர்கள் ஏற்றால் அத்திட்டம் செயற்பாட்டிற்கு வரும்.

நீதிமன்றத்தையே அணுகாத வழியும் உண்டு. பேங்க் நெகாரா மலேசியா 2006ஆம் ஆண்டு நிறுவிய கடன் ஆலோசனை, கடன் நிருவாக முகவாண்மையான ஏ.கே.பி.கே., கடனாளியின் வருவாய்க்கேற்பத் தவணைகளைச் சீரமைக்கும் திட்டத்தை வங்கிகளோடு பேசி வகுத்துத் தருகிறது. இவ்வழிகளுக்கெல்லாம் பொதுவான தேவை ஒன்றே: காலத்தே அணுகுதல். திவால் ஆணை பிறந்தபின் தன்விருப்ப ஏற்பாட்டின் கதவு மூடிவிடுகிறது.

விடுவிப்பு

திவால் வாழ்நாள் நிலை அன்று. நீதிமன்ற ஆணை, தலைமை இயக்குநரின் சான்றிதழ் ஆகியவற்றோடு, 2017ஆம் ஆண்டு முதல் தானே நிகழும் விடுவிப்பு முறையும் நடப்பில் உள்ளது. விவர அறிக்கையை அளித்த நாளிலிருந்து 3 ஆண்டுகள் கழிந்து, விதித்த கடமைகள் நிறைவேற்றப்பட்டிருப்பின் இதற்கு வழியுண்டு. காலக்கணக்கு ஆணையிலிருந்து தொடங்குவதில்லை, அறிக்கையிலிருந்தே தொடங்குகிறது. துறையை அணுகாமல் ஒதுங்கியிருப்பவருக்கு அக்கடிகாரம் ஓடத் தொடங்குவதே இல்லை.

2023ஆம் ஆண்டுத் திருத்தம், கடனீந்தோர் எதிர்ப்புக்கு இடமின்றித் தலைமை இயக்குநர் விடுவிக்கக்கூடியோரின் வரிசையை விரிவாக்கியது. மாற்றுத்திறனாளிகள், கடுநோயுற்றோர் முதலியோரோடு, மனநலக் குறைபாடுடையோரும் 70 வயதை எட்டியோரும் அதில் சேர்க்கப்பட்டனர். ஆயினும், அரசாங்கத்திற்குச் செலுத்த வேண்டிய கடனும் மோசடியால் உண்டான கடனும் விடுவிப்பால் நீங்கா.

முடிவுரை

திவால் ஆணை கடனை மன்னிப்பதன்று. கடனீந்தோரின் தனித்தனி நடவடிக்கையை நிறுத்தி, ஒரே பொறுப்பின்கீழ்க் கொண்டுவருவது. அக்காப்பு அடைமானமற்ற கடனுக்கு வலிமையாகவும், அடைமானக் கடனுக்கு இல்லாமலும், உரிமமற்ற வட்டிக்காரர் முன் பயனற்றும் நிற்கிறது. இம்மூன்றையும் வேறுபடுத்தி அறியாமையே நம்மவருக்குப் பெருங்கேடாக முடிகிறது.

தமிழாசிரியர்கள் சட்ட அறிவுரை வழங்க வேண்டியதில்லை. ஆயினும், பெற்றோர் பலர் மலாயிலோ ஆங்கிலத்திலோ வந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு முதலில் நாடுவது பள்ளி ஆசிரியரையே. திவால் அறிவிப்பு, இடைக்கால ஆணை, சமூக உத்தரவாதி, விவர அறிக்கை ஆகிய சொற்களைத் தமிழில் விளக்கிக்கூறத் தெரிந்த ஆசிரியர், அறிவிப்புக்குரிய அந்த 7 நாள்கள் வீணாகாமல் அவர்களை உரிய அலுவலகத்திற்கு அனுப்பிவைக்க இயலும். 'கொடுத்தல்' என்னும் பழைய வினைச்சொல், கடனாளிக்கும் செய்யத்தக்கது ஒன்றுண்டு என்பதை நினைவூட்டியது. ஏளனத்தை நீக்கிவிட்டு அவ்வினைச்சொல்லின் பொருளை மட்டும் நாம் மீட்டுக்கொள்வது தகும்.